‘வழிபாடு’ என்னும் சொல்: பெண்ணின் காலமும் திருமறையும் தமிழும்

(இலக்கிய வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திங்கள்தோறும் கூடிப் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கும் நம் வட்டத்தில், ‘பெண்ணும் பருவமும்’ என்னும் பொருள் பற்றிக் கிறித்தவச் சமய நோக்கில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இத்தகைய பொருளை அவையில் எடுத்துரைக்கப் பெண்ணொருத்தி கூசுவாள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின் நம் முன்னோர் கூசினாரல்லர். தொல்காப்பியர் பூப்பினைக் கற்பியலுள் வைத்து இலக்கணம் கூறினார். புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார், பகைவேந்தனின் குதிரைகள் போர்முகத்தில் ஒதுங்கி நின்ற நிலைக்கு, முருகன் கோயிலில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரை உவமையாக்கினார். போர்க்களத்தைப் பாடவந்த புலவருக்கு அந்த விலகி நிற்றல் நினைவுக்கு வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பல சமயத்தாரும் அமர்ந்திருக்கும் அவை இது. சமயம் பரப்புவது என் நோக்கமன்று. நான் பயின்ற மரபுகள் இரண்டு. ஒன்று தமிழ், மற்றொன்று திருமறை. பெண்ணின் காலத்தைப் பற்றி இவ்விரண்டும் சொல்வதை ஒப்பவைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் நெறி

ஒரு சமுதாயம் ஒன்றனுக்கு வழங்கும் பெயரே அதனை எவ்வாறு நடத்துகிறது என்பதைக் காட்டிவிடும். பெண்ணின் மாத ஒழுக்குக்குத் தமிழில் பெயர்கள் பல. ‘பூப்பு’ என்றனர் பழந்தமிழர். செடி பூப்பதும் பெண் பூப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. ‘மாதவிடாய்’ என்பது இன்றைய பொதுவழக்கு. விடாய் என்பதற்குக் களைப்பு, வேட்கை என்னும் பொருள்கள் உண்டு. ஆகவே அந்நாள்களில் உடல் களைப்புறும் என்னும் அறிவு அச்சொல்லின் உள்ளேயே இருக்கின்றது.

‘தூரம்’, ‘வீட்டுக்கு விலக்கு’ என்பன வீட்டு வழக்குகள். இவை உடலைப் பற்றிப் பேசுவதை விடுத்துப் பெண் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. ‘தீட்டு’ என்பதோ ‘தீண்டு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தீண்டலால் வருவது தீட்டு. மதுரை மாவட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊருக்குப் புறம்பே ‘முட்டுவீடு’ அமைத்து, அந்நாள்களில் பெண்கள் அங்கே சென்று தங்கும் வழக்கம் இருந்துவருவதை நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. பூப்பு என்ற சொல்லிலிருந்து முட்டுவீடு வரையில் நாம் நடந்துவந்த தொலைவு பெரிது.

இனித் திருமறைக்கு வருவோம். போவர் தலைமையில் அமைந்த குழுவினரின் திருப்புதல் 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை அடியொற்றிய பழைய மொழிபெயர்ப்பே இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படுகின்றது. அதில் ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில், சாராள் முதுமை எய்தினாள் என்பதைக் கூறுமிடத்து, பெண்களுக்குரிய ‘வழிபாடு’ அவளுக்கு நின்றுவிட்டது என்னும் கருத்தமைந்த தொடர் வருகின்றது. 31ஆம் அதிகாரத்தில் ராகேல் தன் தந்தையின் சுரூபங்களை ஒட்டகச் சேணத்தின்கீழ் மறைத்து, அதன்மேல் அமர்ந்துகொண்டு, தான் எழ இயலாமைக்குக் காரணம் கூறும் இடத்திலும் அதே ‘வழிபாடு’ என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது.

எபிரேய மூலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் ‘பெண்களின் வழி’ என்னும் பொருள்தரும் தொடர்களே உள்ளன. வழிப்படுதல், ஒழுகலாறு என்னும் பழம்பொருளில் மொழிபெயர்ப்பாளர் ‘வழிபாடு’ என்றனர். இன்று அச்சொல் இறைவனைத் தொழுவதை மட்டுமே குறிக்குமளவிற்குச் சுருங்கிவிட்டது. ஆலயத்தில் இப்பகுதி வாசிக்கப்படும்போது இளைஞர் பலர் பொருள் விளங்காமல் திகைப்பதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் இத்திகைப்பு நமக்கு ஒரு நன்மையைச் செய்கிறது. பெண்ணின் உடல் தன் வழியே நடப்பதும், மனிதர் இறைவனை நோக்கி நடப்பதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன என்பதை அது நினைவூட்டுகின்றது. எது தீட்டு என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதோ, அதற்கு ‘வழிபாடு’ என்றே ஒரு காலத்தில் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

உடலின் சிறுபொழுதும் பெரும்பொழுதும்

தமிழ் அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்பட்டன. உணர்வு பிறப்பதற்கு முன் காலம் அமைந்தாக வேண்டும் என்பது நம் இலக்கணத்தின் கொள்கை. ஒரு நாளின் கூறுகள் சிறுபொழுது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறும் பெரும்பொழுது. பெண்ணின் உடலுக்கும் இவ்விரண்டும் உண்டு எனலாம். மாதந்தோறும் வரும் சுழற்சி அவளது சிறுபொழுது. பூப்பு, கருவுறுதல், மகப்பேறு, பாலூட்டல், பூப்பு நிற்றல் என்பன பெரும்பொழுது.

சுழற்சி சராசரியாக 28 நாள் எனப்பட்டாலும், 21 முதல் 35 நாள் வரையில் அமைவதும் இயல்பே என்பது மருத்துவம். கரு தங்குவதற்கெனக் கருப்பையின் உட்சுவர் தடித்து வளர்கிறது. கரு தங்காதபோது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் என்னும் சுரப்புநீர்களின் அளவு தாழ்கிறது. அதனால் அச்சுவர் கழன்று குருதியோடு வெளியேறுகிறது. அதாவது, வாராத விருந்தினருக்காக விரித்த பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, உடல் மீண்டும் புதிய பாய் விரிக்கத் தொடங்குகிறது. இதில் அழுக்கு என்று சொல்வதற்கு ஏதுமில்லை.

லேவியராகமம் 15ஆம் அதிகாரம் இவ்வொழுக்கினைத் தீட்டு என்று வகுத்து ஏழு நாள் குறித்தது உண்மை. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயின் அவ்வதிகாரத்தின் முதற்பாதி ஆடவரின் உடலொழுக்குகளைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சட்டம் இருபாலார்க்கும் எழுதப்பட்டது. பிற்காலத்தார் ஆணின் பாதியை மறந்து, பெண்ணின் பாதியை மட்டும் போற்றி வைத்துக்கொண்டனர்.

பெரும்பாடு தீர்ந்த கதை

மாற்கு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப் போக்கினால் வருந்திய பெண் வருகிறாள். தமிழ் மொழிபெயர்ப்பில் அவள் நோய்க்குப் ‘பெரும்பாடு’ என்று பெயர். இது நம் நாட்டு மருத்துவத்தில் மிகு உதிரப்போக்கினைக் குறிக்கும் சொல். பெருந்துன்பம் என்னும் பொருளும் அதனுள் தொனிக்கிறது. வழிபாடு இயல்பு, பெரும்பாடு நோய். இவ்விரண்டினையும் நாம் பிரித்தறிய வேண்டும்.

இயற்கையோடு இயைந்து வாழ்தல் என்று பேசத் தொடங்குவோர் பலரும் இங்கேதான் தடுமாறுகின்றனர். வலியால் துடிக்கும் மாணவியிடம், இது பெண்களுக்கு இயல்புதான், பொறுத்துக்கொள் என்கிறோம். 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர்கள். இது பருவமன்று, உணவும் மருத்துவமும் கிட்டாமையின் விளைவு. மாற்குவின் கதையில் அப்பெண் மருத்துவர் பலரிடம் சென்று, உள்ள பொருளையெல்லாம் செலவிட்டும் நோய் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. இயேசு அவளிடம் பொறுமையைப் போதிக்கவில்லை. நோய் தீர்ந்தது. அதுவே நாம் கொள்ளவேண்டிய முதற்பாடம்.

இக்கதையின் அமைப்பும் கருதத்தக்கது. தொழுகைக்கூடத் தலைவனாகிய யவீருவின் மகள் சாகுந்தறுவாயில் இருக்கிறாள். அவளைக் காணவே இயேசு விரைகிறார். வழியில் இப்பெண் கூட்டத்தினூடே வந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். பெரிய மனிதரின் அவசரம் காத்திருக்க, பெயரில்லாத பெண் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும் வரையில் பயணம் நிற்கிறது. பின்பு அவளை அவர் ‘மகளே’ என்று விளிக்கிறார். யவீருவின் மகளுக்கு வயது பன்னிரண்டு என்று மாற்கு குறிக்கிறார்; இப்பெண்ணின் துன்பத்திற்கும் வயது பன்னிரண்டு. ஒருத்தி பூப்பின் வாயிலில் நின்று உயிர் நீங்குகிறாள்; மற்றவள் நில்லாத குருதியால் உயிர் தேய்கிறாள். இருவரையும் மகள் என்னும் ஒரே உறவு இணைக்கிறது. எழுந்த சிறுமிக்கு உண்ணக் கொடுங்கள் என்று அவர் சொன்னதாகவும் மாற்கு எழுதுகிறார். வளரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது உணவு என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல இயலாது.

தீண்டலால் வருவது தீட்டு என்று முன்னே கண்டோம். இக்கதையில் தீண்டல் நிகழ்கிறது, தீட்டு நிகழவில்லை. நலம் நிகழ்கிறது. அந்தச் சொல்லின் வேரிலேயே கைவைத்த கதை இது.

ஆயினும் திருச்சபை இக்கதையை ஒரேவகையாய்ப் படிக்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயராய் இருந்த தியொனீசியுஸ், இப்பெண் ஆடையின் ஓரத்தைத்தானே தொட்டாள், ஆண்டவரையே தொடவில்லையே என்று காட்டி, மாதவிடாய் நாள்களில் பெண்கள் திருப்பந்தியை அணுகலாகாது என்று எழுதினார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் சிரியா நாட்டில் தோன்றிய ‘திதஸ்காலியா’ என்னும் ஒழுங்குநூல், அந்நாள்களில் தூய ஆவியார் தம்மைவிட்டு நீங்குவதாக எண்ணி ஒதுங்கும் பெண்களைக் கடிந்து, அவர் நீங்குவதில்லை என்று வாதிட்டது. பின்னர்த் திருத்தந்தை கிரகோரியார், கான்ட்டர்பரியின் அகுஸ்தீனாருக்கு 601ஆம் ஆண்டளவில் விடுத்த மறுமொழியைத் துறவி பேதா, 731இல் எழுதி முடித்த தம் வரலாற்று நூலில் பதிவுசெய்துள்ளார். பெண் அந்நாள்களில் ஆலயத்திற்கு வருவதையோ திருவிருந்து பெறுவதையோ தடுக்கலாகாது என்பதே அம்மறுமொழி. அதற்கும் சான்று இதே பெண்தான். நோயுற்ற அவள் ஆடையைத் தொட்டது தகுமாயின், இயற்கையால் வருவதைக் கொண்டு பிறபெண்களை விலக்குவது எவ்வாறு தகும் என்று அவர் கேட்டார்.

ஒரே கதை, இரு நேரெதிர் முடிவுகள். உரையாசிரியர்களைப் படித்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்காது. மூலம் ஒன்றே ஆயினும், உரைகாரன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பதே பொருளை முடிவுசெய்கிறது. இன்றும் ஊர்தோறும் எந்த உரையைக் கைக்கொள்ளுகிறோம் என்பது நம்முன் உள்ள வினா.

ஓய்வு யாருக்கு?

இனி ஒரு கசப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். நம் பாட்டியர் தலைமுறையைச் சேர்ந்த பெண்கள் பலரிடம் விலக்கு நாள்களைப் பற்றிக் கேட்டால், இருவகை விடைகள் வரும். அவமானமாய் இருந்தது என்பார்கள். அடுத்த மூச்சில், அந்த மூன்று நாள்தான் இடுப்பு நிமிர்ந்தது என்பார்கள். விறகடுப்பும் அம்மியும் உரலும் கிணறுமாய் இருந்த வாழ்வில், தீட்டு என்னும் பெயரில் கிடைத்த ஓய்வைத் தவிர வேறு ஓய்வை அவர்கள் அறியார்.

கல்வியும் சமயச் சீர்திருத்தமும் தீட்டினைப் பெருமளவு நீக்கின. கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் இம்மாற்றம் முன்னரே நிகழ்ந்தது. நல்லதே. ஆனால் தீட்டு போனபோது ஓய்வும் உடன் போயிற்று. இன்று அந்நாள்களிலும் பெண் சமைக்கிறாள், பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்கிறாள், வகுப்பெடுக்கிறாள், வயலில் களையெடுக்கிறாள். இழிவு நீங்கியது, சுமை இரட்டித்தது. விலக்கிவைத்தலுக்கும், உடல் என ஒன்று இல்லாததுபோல் நடத்துவதற்கும் இடையே மூன்றாவது நெறியொன்று வேண்டும்.

பத்துக் கட்டளைகளுள் ஓய்வுநாளைப் பற்றியது ஒன்று. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் கால்நடை, உன்னிடத்தில் தங்கும் அந்நியன் என அப்பட்டியல் நீளுகிறது. மனைவி என்னும் சொல் அதில் இல்லை. ‘நீ’ என்பதனுள் அவளும் அடங்குவாள் என்பர் உரைகாரர். இலக்கணப்படி அது பொருந்தும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும் குடும்பத்தில், அன்றைய விருந்தைச் சமைப்பவர் யார் என்று கேட்டால், அந்த ‘நீ’ யாரைக் குறித்தது என்பது விளங்கிவிடும்.

திருமறைக்குள்ளேயே வேறு நடையுண்டு. முதலாம் சாமுவேல் நூலில் அன்னாள் என்பவள் நெடுநாள் ஏங்கிப் பெற்ற மகனுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். ஆண்டுதோறும் சீலோவுக்குச் சென்று பலியிடும் காலம் வருகிறது. கணவன் எல்கானா குடும்பத்தோடு புறப்படுகிறான். அவளோ, பிள்ளை பால் மறக்கும்வரையில் வரமாட்டேன் என்கிறாள். உனக்கு நலமென்று தோன்றுவதைச் செய் என்று அவன் இசைகிறான். ஆலயத்தின் நாட்காட்டியும் தாயின் நாட்காட்டியும் மாறுபட்டபோது, தாயின் நாட்காட்டியே நின்றது. அதனால் இறைவன் சினந்ததாக நூலில் குறிப்பில்லை.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் தமையன் ஏசாவிடம் கூறுவதையும் இங்கே இணைத்துப் பார்க்கலாம். உடன் போகலாம் வா என்கிறான் ஏசா. பிள்ளைகள் இளையோர், மந்தையில் பாலூட்டும் ஆடுமாடுகள் உள்ளன, ஒருநாள் விரட்டினாலும் மாண்டுபோகும், ஆகையால் அவற்றின் நடைக்கு ஏற்ப மெல்லவே வருவேன் என்கிறான் யாக்கோபு. மந்தையின் வேகத்தை முடிவு செய்தவை பாலூட்டும் உயிர்கள். நம் தொல்காப்பியக் கற்பியல் நூற்பாவும், பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரு நாள், பரத்தையிற் பிரிந்த தலைவனும் மனைவியை அகன்று உறையலாகாது என்கிறது. உரையாசிரியர்கள் இதனைக் கருவுறும் காலத்தோடு பொருத்தி விளக்குவர். குலம் தழைத்தலே அதன் நோக்கம் ஆயினும், ஆணின் போக்குவரவு பெண்ணின் காலத்தால் வரையறுக்கப்பட்டது என்பது அதில் அமைந்த உண்மை. 20ஆம் நூற்றாண்டில் ஆத்திரேலிய மருத்துவத் தம்பதியரான ஜான் பில்லிங்சும் எவலின் பில்லிங்சும், உடலின் குறிகளைக் கொண்டு கருவுறும் நாள்களை அறியும் முறையை வகுத்துப் பரப்பினர். கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அதனை மேற்கொண்டன. அம்முறையும் கணவன் மனைவியின் நாள்களை அறிந்து, அவற்றுக்குத் தன் விருப்பத்தை இயைவித்தாலன்றி நடவாது.

ஆகவே, பெண்ணின் பருவத்தோடு இயைந்து வாழ்தல் என்பது பெண் மட்டும் பயிலவேண்டிய கலையன்று. கணவனும் குடும்பமும் பள்ளியும் ஆலையும் ஆலயமும் பயிலவேண்டியது. மகப்பேற்று நலச் சட்டம் 1961இல் வந்தது. 12 வாரமாயிருந்த விடுப்பு 2017இல் 26 வாரமாயிற்று. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021இல் ஓராண்டாயிற்று. பீகார் அரசு 1992இலேயே தன் பெண் ஊழியருக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு வழங்கியது. கேரள அரசு 2023இல் பல்கலைக்கழக மாணவியர்க்கு மாதவிடாய் விடுப்பு அறிவித்தது. இவையெல்லாம் எழுத்தறிந்தவர்க்கும் நிலையான பணியுடையோர்க்கும் கிட்டுபவை.

மறுபுறம் நோக்குங்கள். மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், மாதத்தில் ஓரிரு நாள் கூலியை இழக்க இயலாமல் கருப்பையையே அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. நம் மாநிலத்துப் பின்னலாடை ஆலைகளில் பணிபுரியும் இளம்பெண்களுக்கு, மாதவிடாய் வலிக்கு ஓய்வு தராமல், பெயர் அறியாத மாத்திரைகள் வழங்கப்பட்டதையும் அதே ஆண்டில் செய்தியாகப் படித்தோம். பாலூட்டும் மந்தையை விரட்டினால் மாளும் என்று மேய்ப்பன் அறிந்திருந்தான். நாம் அறிந்தும் விரட்டுகிறோம்.

நாற்பதுக்கு அப்பால்

சிறுபொழுதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். இனிப் பெரும்பொழுதின் கடைசிக் கூறு. உலா இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. பாட்டியல் நூல்கள் தம்முள் சிறிது வேறுபடினும், பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 என்பதே பெருவழக்கு. நாற்பதோடு பட்டியல் முடிகிறது. வீதியில் உலாவரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்குரிய வயதையே அவ்விலக்கணம் பருவம் என்று கொண்டது. மயங்கும் வயது கடந்தபின் பெண்ணுக்குப் பருவமில்லை. ஆகவே பெயரும் இல்லை. உங்கள் முன் நிற்கும் நான் நாற்பதைக் கடந்தவள். நான் கற்பிக்கும் இலக்கணத்தில் என் வயதுக்குப் பெயரில்லை.

தமிழ் மரபில் முதுமைக்கு மதிப்பில்லை என்று கூறவில்லை. ஔவை இளமையை வேண்டாமென்று முதுமையை வேண்டிப்பெற்றாள் என்பது மக்கள் வழங்கும் கதை. காரைக்காலம்மையார் தம் அழகுடலை உதறிப் பேயுருக் கொண்டதைச் சேக்கிழார் பாடியுள்ளார். இவ்விருவர் கதையும் ஒன்றைக் காட்டுகின்றன. பெண் தடையின்றி நடமாடவும் பாடவும் இளமையைத் துறந்தாக வேண்டியிருந்தது. துறக்காமலே இயல்பாய் முதிரும் பெண்ணுக்கு, பூப்பு நின்றபின் வாழ்வு எது என்பதை நம் கவிதை அதிகம் பேசவில்லை.

லூக்காவின் நற்செய்தி இவ்விடத்தில் எனக்குத் துணைநிற்கிறது. முதிய எலிசபெத்து கருவுற்றபின் ஐந்து மாதம் தன்னை மறைத்துக்கொள்கிறாள். அது பிறர் விதித்த தூரமன்று. தானே தேர்ந்த தனிமை. ஆறாம் மாதத்தில் இளம்பெண் மரியாள் அவள் வீடு தேடி வருகிறாள். ஏறத்தாழ மூன்று மாதம் தங்குகிறாள். மரியாளின் பாடல் முதியவளின் வீட்டில்தான் பிறக்கிறது. அஞ்சி நிற்கும் இளமைக்கு அறிந்து நிற்கும் முதுமை துணையாகிறது. மருத்துவச்சியும் அத்தையும் பாட்டியும் நம் வீடுகளில் செய்துவந்த பணி இதுவே. அவர்கள் இல்லாத தனிக்குடும்பங்களில் நம் பெண்மக்கள் தம் உடலைப் பற்றி யாரிடம் கேட்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மோசேயின் சட்டப்படி, ஆண்மகவைப் பெற்றவள் நாற்பது நாள் நிறைந்தபின் ஆலயம் வரவேண்டும். அந்நாளில் மரியாள் குழந்தையோடு எருசலேம் ஆலயத்திற்கு வருகிறாள். அங்கே எண்பத்து நான்கு என்னும் எண்ணோடு லூக்கா குறிக்கும் கைம்பெண் இருக்கிறாள். அவள் பெயரும் அன்னாள். மணந்து ஏழாண்டே கணவனோடு வாழ்ந்தவள். பின்பு ஆலயத்திலேயே தங்கியவள். அவளை ‘தீர்க்கதரிசி’ என்று லூக்கா அழைக்கிறார். மீட்புக்காகக் காத்திருந்தோர்க்கெல்லாம் அக்குழந்தையைப் பற்றி எடுத்துரைத்தவள் அவள். மகப்பேற்றிலிருந்து எழுந்த இளந்தாயும், கணவனை இழந்து முதிர்ந்த பெண்ணும் ஒரே முற்றத்தில் நிற்கும் காட்சி அது. எவரும் மங்கலம், அமங்கலம் என்று பிரிக்கவில்லை.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்திற்கும் ஓய்வு விதிக்கிறது. ஏழாம் ஆண்டில் விதைக்கலாகாது. நம் உழவரும் நிலத்தை ‘ஆறப்போடு’ என்பர். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டு கழிந்து வரும் ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு. எக்காளம் ஊதப்படும், அடிமை விடுதலை பெறுவான், விற்ற நிலம் உரியவனிடம் மீளும். பெரும்பாலான பெண்களுக்குப் பூப்பு நிற்பது 45 முதல் 55 வயதுக்குள் என்பது மருத்துவம் கூறுவது. யூபிலியின் எண்ணும் இப்பருவத்தின் எண்ணும் அருகருகே நிற்பதைக் கண்டு நான் மகிழ்ந்ததுண்டு. நீதிநூலார் அதனை எண்ணி எழுதினார் என்று சொல்லவரவில்லை. ஆயினும் உடல் வெப்பமும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் கூடிவரும் அவ்வயதில், ‘எல்லாம் முடிந்தது’ என்னும் சொல்லையே கேட்டுப் பழகிய பெண்ணிடம், உன் நிலம் உனக்கே மீண்டது என்று சொல்வதற்கு ஓர் உவமை வேண்டும். திருமறை அதனைத் தந்திருக்கிறது.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் வட்டத்தின் கவிஞர்கள் மழையைப் பாடுகிறார்கள், பனியைப் பாடுகிறார்கள், பெண்ணைப் பாடாதவரே இல்லை. அவள் கண்ணையும் நடையையும் பாடிய அளவிற்கு, அவள் காலத்தைப் பாடியது குறைவு. தூரம் என்ற சொல்லை நாம் விட்டுவிட்டோம். அதனிடத்தில் வைப்பதற்குரிய சொல்லை இன்னும் படைக்கவில்லை. கடைக்காரர் கறுப்புப் பையிலும் செய்தித்தாளிலும் சுற்றிக் கொடுப்பதை நம் பெண்மக்கள் இன்றும் தலைகுனிந்து வாங்கி வருகின்றனர். சொல்லில்லாத இடத்தில் நாணம் வந்து குடியேறுகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்து அமைகிறேன். ஒன்று, வழிபாடு என்னும் சொல்லின் பழம்பொருளை மீட்டெடுங்கள். ஒரு பெண்ணின் களைப்பைக் கண்டு, இன்று நான் சமைக்கிறேன் என்று எழுந்து செல்லும் ஆணைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்கள். அவன் செய்வதும் வழிபாடே. மற்றொன்று, பேரிளம்பெண்ணுக்குப் பிறகு எட்டாம் பருவம் ஒன்றிருக்கிறது. அதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டுங்கள். அடுத்த ஆண்டு பாட்டியல் பாடம் நடத்தும்போது, ஏழோடு நிறுத்தாமல் எட்டாவதையும் கரும்பலகையில் எழுத விரும்புகிறேன். அப்பெயரை இவ்வட்டம் தரவேண்டும்.